பச்சை என்றால் பத்திரமா?



ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்துவிட்டு 2021-இல் ஓய்வு பெற்றவன் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, 1984-இல் ஒரு டிரங்குப் பெட்டியுடன் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு போட்டவை சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று நிறங்கள்தான். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், கல்யாணில் ஒரு சின்ன வீடு வாங்கியதும் அந்த நிறங்களின் புண்ணியத்தில்தான்.

அப்படிப்பட்ட நானே ஒரே ஒரு தாளில் அந்த மூன்று நிறங்களையும் தவறாகப் பயன்படுத்தி, ஆறு பிள்ளைகளின் மேற்படிப்பை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதோடு, நான் மதிக்கும் ஒரு பெரியவரையும் நாலு பேர் முன்னிலையில் புண்படுத்தினேன். வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் பார்க்கும் ரிப்போர்ட்டுகளிலும் இதே மூன்று நிறங்கள்தான். அவர்களுக்கும் இது பயன்படலாம்.

பதினாலு கம்ப்யூட்டர்கள்

எங்கள் பகுதியில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு அறைகளில் மாலை வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். வருகிற பிள்ளைகளின் அப்பாமார் இட்லி வியாபாரம், ஆட்டோ, தையல், லோடு ஏற்றும் வேலை என்று இருப்பவர்கள். 2022-இல் ஓர் அலுவலகம் தன் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றியபோது எங்களுக்குப் பதினாலு கொடுத்தது. பதினொன்று மேஜைக் கம்ப்யூட்டர், மூன்று லேப்டாப். "ரயில்வேயில் இருந்தவர், மெஷின் தெரிந்தவர்" என்று சொல்லி, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

என் மருமகள் ஐரோலியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். கம்பெனிக்குச் சொந்தமான கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர், சாஃப்ட்வேர் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பதுதான் அவள் வேலை. 'ஐ.டி. அஸெட் மேனேஜ்மென்ட்' என்று அதற்குப் பெயர். அவளிடம் யோசனை கேட்டேன்.

"மாமா, முதல்ல ஒரு பட்டியல் போடுங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் ஒட்டுங்க. வாங்கின வருஷம், வாரண்டி முடியிற தேதி, உள்ளே எந்த விண்டோஸ், எந்த அறையில இருக்கு, யார் பொறுப்பு, இதெல்லாம் எழுதணும். கடைசியா நிலைமைக்கு ஒரு கட்டம். நல்லா இருந்தா பச்சை, கவனிக்கணும்னா மஞ்சள், ஆபத்துன்னா சிவப்பு. எங்க ஆபீஸ்ல ஆயிரக்கணக்கான மெஷினுக்கும் இதேதான். மேலதிகாரிங்க எழுத்தைப் படிக்க மாட்டாங்க, நிறத்தைத்தான் பார்ப்பாங்க" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். இது நம் சிக்னல் அல்லவா! அன்று இரவே எக்ஸெல்லில் ஒரு தாள் தயாரித்தேன். பதினாலு வரிசை. பன்னிரண்டு பச்சை, இரண்டு மஞ்சள். மாலை வகுப்புக்கு ஒரு பேக்கப் டிஸ்க்கும் வாங்கியிருந்தோம். அதைப் பதினைந்தாவது வரிசையில் சேர்த்து, அதற்கும் பச்சை போட்டேன்.

பூட்டும் சாவியும் எங்கள் பொருளாளரிடம் இருக்கும். எழுபத்து மூன்று வயது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். ஐம்பது வருடத்துக்கு மேலாக இங்கே மளிகைக் கடை நடத்தி, கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். சனிக்கிழமை தோறும் கடையை மூடிவிட்டு வந்து அந்தத் தாளைத் திறந்து பார்ப்பது அவர் வேலை என்று பேசி முடிவு செய்தோம். "சிவப்பு ஏதாவது வந்தா உடனே எனக்கு போன் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தேன். அவரும் "சரி தம்பி" என்றார்.

அந்த ஜூன் மாதச் சாயங்காலம்

2024-ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்து, பதினோராம் வகுப்புக்கான ஆன்லைன் விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் படித்த ஆறு பேருக்கும் மதிப்பெண் பட்டியல், பள்ளி விலகல் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து 6-ஆம் நம்பர் மெஷினில் வைத்திருந்தோம். கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். 6-ஆம் நம்பர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

"பயப்படாதீங்க, பேக்கப் இருக்கிறது" என்று நான் தைரியமாகச் சொன்னேன். பச்சை போட்ட டிஸ்க் அல்லவா! செருகினேன், திறந்தது. ஆனால் உள்ளே கடைசியாகப் பதிவான கோப்பின் தேதி 2023 செப்டம்பர். அதற்குப் பிறகு காப்பி ஆவது எப்போதோ நின்றுபோயிருக்கிறது. ஒன்பது மாதமாக ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் காகிதம் ஒன்றுகூட அதில் இல்லை.

அன்று இரவு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐந்து பேரின் பெற்றோர் அசல் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, இரவு ஒரு மணி வரை ஸ்கேன் செய்து கொடுத்தார். ஆறாவது பெண்ணின் தகப்பனார் ஊருக்குப் போயிருந்தார். அசல் காகிதம் முழுக்க அவர் பையில். அவரோ ரயிலில் திரும்பி வந்துகொண்டிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. மறுநாள் காலை வண்டி சோலாப்பூரை நெருங்கும்போதுதான் லைன் கிடைத்தது. பெர்த்தின் மேல் காகிதங்களை விரித்துப் போட்டோ எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினார். பிற்பகலில் அந்தப் பெண்ணின் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. ஆறு பேரும் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அது கடவுள் செயலே தவிர, என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

நான் பேசிய பேச்சு

மறுநாள் தாளைத் திறந்து பார்த்தபோது திடுக்கிட்டேன். 6-ஆம் நம்பருக்கு எதிரே சிவப்பு! விசாரித்ததில், வகுப்புக்கு உதவ வரும் இன்ஜினியரிங் மாணவன் ஒருவன், "டிஸ்க்கில் இருந்து கடகடவென்று சத்தம் வந்தது அங்கிள், ஏப்ரல் கடைசியிலேயே சிவப்பு போட்டுவிட்டேன்" என்றான். அப்போது நான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தும் தாளைத் திறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பார்க்க அண்ணாச்சி இருக்கிறார் என்ற நினைப்பு.

கமிட்டிக் கூட்டத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அஞ்சு வாரமா சிவப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ரயில்ல இப்படிச் சிவப்பைத் தாண்டிப் போனா என்ன ஆகும் தெரியுமா? கண்ணைத் திறந்துதானே பார்த்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க சிவப்புன்னு சொல்லுதது எனக்குத் தெரியாதுப்பா. அந்தத் தாள்ல எனக்கு எல்லாக் கட்டமும் ஒண்ணு போலத்தான் இருக்கு. இருபத்தொரு வயசுல எனக்கு ரயில்வேயில ஃபயர்மேன் வேலை கிடைச்சுது. பரீட்சை பாஸாயிட்டேன். டாக்டர் புள்ளி புள்ளியா இருக்க ஒரு புஸ்தகத்தைக் காட்டி நம்பரைப் படின்னாரு. நான் இருபத்தொண்ணுன்னேன். அதுல எழுபத்து நாலு இருக்காம். அன்னைக்கே அனுப்பிட்டாங்க. அந்த அவமானத்துலதான் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு வீட்டுலகூடச் சொல்லல. பிறகு யார்கிட்ட சொல்ல?"

எனக்கு நா எழவில்லை. அவர் சொன்னது இஷிஹாரா பரிசோதனைப் புத்தகம். 1917-இல் ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா உருவாக்கியது. 74 என்று மற்றவர்களுக்குத் தெரியும் பக்கம், சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு 21 என்று தோன்றும். என் சர்வீஸில் எத்தனை முறை அந்தப் புத்தகத்தைப் படித்துப் பாஸாகியிருக்கிறேன்! பாஸாகாதவன் எங்கே போவான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஐம்பது வருடம் கடையில் தக்காளி பழுத்ததா என்பதைத் தொட்டுப் பார்த்தும், வாழைப்பழத்தை அழுத்திப் பார்த்துமே அவர் வியாபாரம் செய்திருக்கிறார். ரோட்டு சிக்னலில் மேல் விளக்கு எரிகிறதா, கீழ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கடப்பாராம். அவரிடம் போய்க் கண்ணைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

முதல் தவறு: நிறத்தை மட்டும் நம்பியது

நிறக்குருடு என்பது குருடு அல்ல. பெரும்பாலும் பிறவியிலேயே, தாய் வழியாக மகனுக்கு வருவது. அதனால்தான் ஆண்களிடம் அதிகம், பெண்களிடம் மிகக் குறைவு. ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. நூறு ஆண்கள் பார்க்கும் ரிப்போர்ட்டில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்றால், அதைத் தயாரித்தவன்தான் யோசித்திருக்க வேண்டும்.

ரயில்வேக்கு இது பழைய பாடம். 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஹோம்கிரேன் என்ற பேராசிரியர், நிறம் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று கருதி, நிற நிறமான கம்பளி நூல்களைப் பொறுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்று பின்னால் வந்தவர்கள் ஐயம் எழுப்பியதுண்டு. ஆனால் பரிசோதனை நிலைத்துவிட்டது. இன்றும் நம் ரயில்வேயில் வண்டி ஓட்டுபவருக்கு அது கட்டாயம்.

அப்படித் தேர்ந்தெடுத்த கண்களை வைத்துக்கொண்டும் ரயில்வே நிறத்தை மட்டும் நம்புவதில்லை. பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் நிறமே தேவையில்லை, கை இருக்கும் நிலையே செய்தி. இரண்டு மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒரு மஞ்சளை விட வேறு அர்த்தம். அங்கே எண்ணிக்கையே பேசுகிறது. கையில் சிவப்புக் கொடி இல்லாதபோது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் 'நில்' என்று பொருள். மூடுபனியில் ஒன்றும் தெரியாவிட்டால் தண்டவாளத்தின் மேல் வைத்த வெடி காதுக்குச் சொல்லும். இத்தனையும் தெரிந்த நான், என் தாளில் வெறும் நிறத்தைப் பூசிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை வகுப்புச் சுவரிலும் ஒட்டியிருந்தோம். கலர் பிரிண்டுக்குக் காசு அதிகம் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அதில் சிவப்பு, பச்சை இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கண் நன்றாக உள்ள நாங்கள் எல்லோரும் அதன் முன்னால் தினமும் நடந்திருக்கிறோம். அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் அண்ணாச்சிதான்.

இணையப் பக்கங்களுக்கு விதிமுறை வகுக்கும் உலக அமைப்பு 2008-இல் வெளியிட்ட விதிகளிலும் இது இருப்பதாக மருமகள் சொன்னாள். ஒரு செய்தியைச் சொல்ல நிறம் மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்பதுதான் அது. நிறத்தோடு ஒரு சொல்லோ, எழுத்தோ, வடிவமோ இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு: பழைய பச்சை

6-ஆம் நம்பர் கதை, சிவப்பு எரிந்தும் தெரியாத கதை. பேக்கப் டிஸ்க்கின் கதை வேறு. அங்கே எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது பச்சை. அந்தப் பச்சைதான் பொய்.

அந்தப் பச்சை போட்டபோது நான் என்ன நினைத்தேன்? டிஸ்க் ஓடுகிறது என்று. பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? தங்கள் காகிதம் அதில் இருக்கிறது என்று. ஒரே நிறம், இரண்டு அர்த்தம். நிறத்துக்குத் தானாக ஓர் அர்த்தம் கிடையாது. இங்கிலாந்தில் ரயில்வேயின் ஆரம்ப காலத்தில் வெள்ளை விளக்குதான் 'போகலாம்', பச்சை 'எச்சரிக்கை'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை வெளிச்சம் 'போகலாம்' என்று காட்டிவிடும், தெரு விளக்கும் சிக்னல் போலத் தோன்றும் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பச்சையைப் 'போகலாம்' ஆக்கினார்கள். ஆகவே எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று தாளின் அடியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பாடம் 1876 ஜனவரி 21 அன்று நடந்தது. இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனி. அந்தக் காலத்தில் சிக்னல் கை சாதாரணமாக 'போகலாம்' நிலையிலேயே இருக்கும், ஆபத்து என்றால் மட்டும் 'நில்' என்று மாற்றுவார்கள். பனி உறைந்து கை அந்த 'போகலாம்' நிலையிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளே சிக்னல்மேன் லீவரை மாற்றிவிட்டார், வெளியே கை அசையவில்லை. விரைவு வண்டி ஒன்று நிலக்கரி வண்டி மீது மோதியது. எதிர்த் திசையில் வந்த இன்னொரு விரைவு வண்டி அந்த இடிபாட்டில் மோதியது. அதன் பிறகுதான் சிக்னலின் இயல்பான நிலை 'நில்' என்றே இருக்க வேண்டும், வழி சரியாக இருப்பது உறுதியானால் மட்டும் 'போகலாம்' காட்ட வேண்டும் என்று மாற்றினார்கள்.

இன்றைக்கும் இதுவே எங்கள் தொழிலின் அடித்தளம். சிக்னலில் விளக்கே எரியாவிட்டால் டிரைவர் அதை மிகக் கடுமையான நிலையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப் சிக்னல் என்றால் நிற்க வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் அறுந்தால், அங்கே வண்டி நிற்கிறது என்றே சிக்னல் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பது பச்சை அல்ல.

என் தாளிலோ இயல்பான நிலையே பச்சை. யாராவது வந்து மாற்றும்வரை அது பச்சையாகவே இருக்கும். ஆபட்ஸ் ரிப்டனில் பனியில் உறைந்த கைகாட்டிக்கும் என் எக்ஸெல் தாளுக்கும் என்ன வித்தியாசம்?

தேதியும் இல்லை. அடுத்த முறை ரயிலில் போகும்போது பெட்டியின் ஓரத்துச் சுவரைப் பாருங்கள். எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில் பழுது பார்த்தார்கள், அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று பெயிண்டால் எழுதியிருக்கும். வெறுமனே 'நல்ல பெட்டி' என்று எங்கும் எழுதியிருக்காது.

புதிய தாள்

மருமகளும், அந்த மாணவனும், அண்ணாச்சியும், நானும் உட்கார்ந்து தாளைப் புதிதாகப் போட்டோம். அதில் வைத்த விதிகளைச் சொல்கிறேன். யாருக்கும் பயன்படும்.

ஒன்று: நிலைமைக் கட்டத்தில் முதலில் சொல், பிறகுதான் நிறம். 'சரி', 'கவனி', 'நிறுத்து', 'தெரியாது', 'கழிவு' என்று ஐந்தே சொற்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் படிக்கலாம்.

இரண்டு: 'சரி' என்பதற்குப் பச்சைக்குப் பதில் நீலம். சிக்னல்காரனுக்குப் பச்சையை விட மனம் வரவில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரிலும் நல்ல டிஸ்க்குக்கு நீலம்தான், கூடவே ஒரு சொல்லும் இருக்கிறது. நிலை தெரியாத டிஸ்க்குக்குச் சாம்பல்.

மூன்று: ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் பெயர். தேதி 30 நாளைத் தாண்டினால் கட்டம் தானாகவே 'தெரியாது' என்று சாம்பலாகிவிடும். எக்ஸெல்லில் இன்றைய தேதியிலிருந்து சோதித்த தேதியைக் கழிக்கச் சொல்லி ஒரு சூத்திரம் போட்டு, 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்ற வசதியில் நிறத்தைக் கட்டிவிட்டால் போதும். யாரும் கவனிக்காவிட்டால் 'சரி' தானாக மறைந்துவிடும்.

நான்கு: ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தாளின் அடியில். பேக்கப் டிஸ்க்குக்கு 'சரி' என்றால், போன வாரம் வைத்த ஒரு கோப்பை அதிலிருந்து வேறு மெஷினில் திறந்து பார்த்தோம் என்று பொருள். டிஸ்க் ஓடுவது மட்டும் போதாது.

ஐந்து: 'நிறுத்து' என்று மாற்றுபவர் தாளோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு பேருக்கு போன் செய்து, அவர்கள் பெயரையும் அதே வரிசையில் எழுத வேண்டும். டிரைவருக்குத் தெரியாத சிவப்பு விளக்கு ரயிலை நிறுத்தாது.

ஆறு: முன்கூட்டியே தெரிந்த தேதிகளுக்கு முன்கூட்டியே 'கவனி'. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அது பல வருடத்துக்கு முன்பே அறிவித்த தேதி. எங்கள் மெஷின்களில் ஒன்பதில் விண்டோஸ் 11 ஏறாது, அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. ஒரு வருடம் முன்பே அவற்றை 'கவனி' என்று மாற்றியதால், அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்ற முடிந்தது. மஞ்சள் விளக்கின் வேலையே அதுதான். அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்று முன்பே சொல்வது.

ஏழு: 'கழிவு' என்று எழுதும் முன் டிஸ்க்கில் உள்ளதை அழித்தாக வேண்டும். பிள்ளைகளின் ஆதார் நகலும் சான்றிதழும் பழைய இரும்புக்காரர் கைக்குப் போகக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை.

சிவப்புக்கு வெட்கம் வேண்டாம்

மருமகள் இன்னொன்றும் சொன்னாள். பெரிய கம்பெனிகளில் சிவப்பு காட்டினால் மீட்டிங்கில் கேள்வி வரும் என்று பயந்து பலர் மஞ்சளைப் பச்சையாக்கிவிடுவார்களாம். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுக்கு அங்கே 'தர்பூசணி' என்று பெயராம். வெளியே பச்சை, அறுத்தால் உள்ளே சிவப்பு!

ரயில்வேயில் சிவப்பு விளக்கு யாரையும் திட்டுவதில்லை. பழுதான வேகனுக்குச் சீட்டு ஒட்டி 'சிக் லைன்' என்ற தனித் தண்டவாளத்துக்கு அனுப்புவோம். அதை ஒட்டிய ஊழியரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஒட்டாமல் விட்டால்தான் கேள்வி. சிவப்பு போட்ட அந்த மாணவன் ஏன் எனக்கு போன் செய்யவில்லை என்று பிறகு விசாரித்தேன். "நான்தான் கெடுத்தேன்னு நினைப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு அங்கிள்" என்றான். தாளைத் திருத்தியது போல நான் என்னையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அண்ணாச்சியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். தவறு தாளைப் போட்டவனுடையது, படித்தவருடையது அல்ல என்று மட்டும் சொன்னேன். காரணத்தை நான் சொல்லவில்லை. அவரே எழுந்து சொன்னார். கூட்டத்தில் இருந்த இன்னொருவர், தானும் அப்படித்தான், இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார். இந்தக் கட்டுரையையும் அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அனுப்புகிறேன்.

வாசக அன்பர்கள் தங்கள் வீட்டிலும் ஒரு தாள் போட்டுப் பார்க்கலாம். கேஸ் குழாய் மாற்றிய தேதி, இன்ஷூரன்ஸ், வங்கி நாமினி, ஊர் வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் நகல் என்று எழுதி, எதிரே கடைசியாக எப்போது கையால் எடுத்துப் பார்த்தோம் என்ற தேதியை இடுங்கள். பாதிக்கு மேல் 'தெரியாது' என்று வந்தால் திகைக்க வேண்டாம். எனக்கும் அப்படித்தான் வந்தது. தெரியாது என்று தெரிந்துகொண்டதே பாதி வேலை.

சாவிக் கொத்து மறுபடியும் அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு போன் செய்தார். "தம்பி, மூணாம் நம்பர்ல 'தெரியாது'ன்னு வந்திருக்கு. நாளைக்கு வந்து பாத்திருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.